கண்ணில்லாக் கணை

(திருப்புட்குழியில் நடைபெற்ற தமிழ்க் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருப்புட்குழி என்னும் பெயருக்குள்ளேயே ஒரு போர் அடங்கியிருக்கிறது. புள் என்பது பறவை. வானத்தில் அரக்கனோடு பொருது சிறகறுந்து வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் இறுதிக்கடன் ஆற்றிய குழி இது என்பது வழிவழியாகச் சொல்லப்பெறும் கதை. அது கதை. ஆனால் இதே காஞ்சி வட்டாரத்து வானத்தில் இரும்புப் பறவைகள் தீயைக் கக்கிக்கொண்டு பறந்தது கதையன்று, வரலாறு. 1780-ஆம் ஆண்டு செப்தம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில் அது நிகழ்ந்தது. ஆங்கிலேயர் அவ்வூர்ப் பெயரைப் 'பொல்லிலூர்' என்று சிதைத்து எழுதினர். அச்சிதைவே உலக வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்டது. அன்று பறந்த கணையின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகப் போர்க்களங்களில் பறக்கின்றன. அவற்றின் ஆற்றல் யாது, குறை யாது, அக்குறையால் மாந்தர்க்கு விளையும் கேடு யாது என்பவற்றைத் தமிழர் தெளிந்து கொள்ளுதல் வேண்டும்.

மூன்று சொற்கள்

சொல் தெளிந்தாலன்றிப் பொருள் தெளியாது. செய்தித்தாள்கள் வானில் பறந்து வெடிக்கும் எதனையும் வேறுபாடின்றி ஒரே பெயரால் எழுதிவிடுகின்றன. ஆனால் ஈழத் தமிழரின் எழுத்தில் மூன்று சொற்கள் பயின்று வந்துள்ளன. அவற்றைப் பொருள் வரையறுத்துக் கொண்டால் குழப்பம் தீரும்.

பீரங்கிக் குழலுக்குள் மருந்து வெடித்து, ஒரே உதையில் வெளியே எறியப்படுவது எறிகணை. தன் வயிற்றிலேயே மருந்தைச் சுமந்து, அது எரிந்து பின்புறமாகச் சீறும் வளியின் எதிர்விசையால் தன்னைத்தானே உந்திச் செல்வது உந்துகணை. அவ்வாறு செல்லும்போதே தன் வழியை அறிந்து திருத்திக்கொள்ளும் கருவியை உடையது ஏவுகணை. இம்மூன்றனுள் நடுவில் நிற்கும் உந்துகணையைப் பற்றியதே இவ்வுரை. திருவிழாவில் விடும் வாணமும் இயல்பால் உந்துகணையே. கையை விட்டு நீங்கிய பின் அதனை அழைக்கவோ திருப்பவோ ஒருவராலும் இயலாது.

புள்ளலூர்க் களம்

புள்ளலூர் போருக்குப் புதிய ஊரன்று. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே தன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறும். அதற்குப் பன்னூறு ஆண்டுகள் கழித்து, 1780 சூலைத் திங்களில் மைசூரின் ஐதர் அலி பெரும்படையோடு மலைக்கணவாய்களின் வழியே இறங்கித் தமிழகத்தின் வடபகுதியில் புகுந்தார்.

கும்பினியாரின் சென்னைப் படை அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எக்டர் மன்றோவின் தலைமையில் பெரும்பகுதி காஞ்சியில் இருந்தது. வில்லியம் பெய்லியின் தலைமையில் மற்றொரு பகுதி குண்டூர்ப் பக்கமிருந்து தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுசேர்வதைத் தடுப்பதே ஐதரின் நோக்கம். கொற்றலையாற்று வெள்ளம் பெய்லியைச் சில நாள் தடுத்து நிறுத்தியது. ஆற்றைக் கடந்து வந்தவரைச் செப்தம்பர் 6-ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே ஐதரின் மகன் திப்பு மறித்துப் பொருதார். மன்றோ அனுப்பிய ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட துணைப்படை 9-ஆம் நாள் பெய்லியை வந்தடைந்தது. அன்றிரவே காஞ்சி நோக்கிப் புறப்பட்ட படை, சென்று சேராமல் வழியிலேயே தங்கியது. அத்தங்கலே அதற்குக் கேடாயிற்று.

பத்தாம் நாள் காலையில் புள்ளலூரருகே திப்புவின் படையும், தொடர்ந்து ஐதரின் படையும் பெய்லியைச் சூழ்ந்துகொண்டன. பீரங்கிகள் முழங்கின; உந்துகணைகள் சீறின. போரின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் பேரொலியோடு வெடித்துச் சிதறின. அவை உந்துகணை பட்டே வெடித்தன என்று எழுதியோர் பலர்; பீரங்கிக் குண்டு பட்டு வெடித்தன என்று எழுதியோரும் உளர். எதனால் வெடித்தன எனினும், அதன்பின் அப்படை மீளவில்லை. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை ஒரே நாளில் அழிந்தொழிந்தது. சிறைப்பட்ட பெய்லி 1782-இல் சீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். காஞ்சியில் இருந்த மன்றோ, தம் பெரும் பீரங்கிகளை அங்கிருந்த குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத்து மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. வெடிமருந்து வண்டி வெடிக்கும் காட்சியையும் அதில் இன்றும் காணலாம்.

இவ்வெற்றியைச் சொல்லிப் பெருமைப்படுவோர் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர். பெய்லியின் படையில் மடிந்தோருள் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர். கூலிக்காகக் கும்பினியிடம் பணிசெய்த நாட்டுச் சிப்பாய்களே. இது முதற் செய்தி. ஐதரின் குதிரைப்படை சென்னையைச் சூழ்ந்த ஊர்களை எரித்தது. உழவரும் நெசவாளரும் ஊரை விட்டோடினர். அதனைத் தொடர்ந்து இந்நாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டியது. இது இரண்டாம் செய்தி. அரசர்கள் பொருத போரில் ஏரும் தறியும் நின்றன. தீக்கு வென்றவர் வீடு, தோற்றவர் வீடு என்னும் வேறுபாடு தெரிவதில்லை.

இரும்பு செய்த மாற்றம்

உந்துகணையை மைசூரார் புதிதாகக் கண்டுபிடித்தனர் என்று கூறுதல் பொருந்தாது. சீனர் அதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே அதனை அறிந்திருந்தனர், ஐரோப்பியரும் அறிந்திருந்தனர். மைசூர்க் கொல்லர் செய்தது வேறொன்று. ஐரோப்பாவில் அக்கணையின் உடல் அட்டையால் ஆயது. உள்ளே மருந்து கடுமையாக எரிந்தால் அட்டைக்குழல் தாங்காது பிளந்துவிடும். மைசூரில் மெல்லிரும்புத் தகட்டை அடித்துச் சுருட்டிக் குழலாக்கினர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கும். அழுத்தம் மிகுந்தால் வளி சீறும் விரைவு மிகும். வளியின் விரைவு மிகுந்தால் உந்துவிசை மிகும். ஆகவே அக்கணை ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று வீழ்ந்தது. வெற்றியின் வேர் கொல்லன் உலையில் இருந்தது என்பதை நெசவாளர் எளிதில் உணர்வர். புடைவையின் புகழ் கடையில் தோன்றுவதன்று; தறியில் தோன்றுவது.

இங்கிலாந்து நாட்டின் உல்விச்சுக் காட்சியகத்தில் மைசூர்க் கணைகள் இரண்டு வைக்கப்பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்றன் இரும்புக்குழல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் குறுக்களவும் உடையது. மற்றொன்று அதனினும் சிறியது. குழலோடு நீண்ட மூங்கிற் கழியையோ வாளின் அலகையோ பிணைத்து விடுவர். பறக்கும்போது தலைகீழாகப் புரளாமல் நேர்செல்ல அது வாலாக உதவும். 2018-ஆம் ஆண்டு கருநாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் பாழ்ங்கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது, திப்பு காலத்து இரும்புக் கணைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்தன.

கணை ஏன் குறி தவறுகிறது?

இனி, உந்துகணையின் குறைக்கு வருவோம். அக்குறை அதன் பிறப்போடு வந்தது. பீரங்கிக் குண்டு குழலை விட்டு நீங்கும்போதே தன் முழு விரைவையும் பெற்றுவிடுகிறது. உந்துகணையோ மெல்லப் புறப்பட்டு, மருந்து எரிய எரிய விரைவு கூட்டிச் செல்கிறது. தொடக்கத்தில் விரைவு குறைவாகலின், பக்கத்திலிருந்து வீசும் சிறு காற்றும் அதனைத் திருப்பிவிடும். காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றை எதிர்நோக்கித் திரும்பும். மூக்குத் திரும்பிய பக்கமே உந்துவிசையும் அதனைச் செலுத்தும். மருந்தின் எரிவிலும் ஒரு கணைக்கும் மற்றொன்றுக்கும் சிறு வேறுபாடு உண்டு. அதனால் ஒன்று முன்னே வீழும். ஒன்று பின்னே வீழும்.

பள்ளிக் கணக்காலேயே இதனை அளந்து பார்க்கலாம். செல்லும் வழி ஒரே ஒரு பாகை பிறழ்ந்தால், 20 கிலோமீட்டர் தொலைவில் அப்பிறழ்ச்சி ஏறத்தாழ 350 மீட்டராகிவிடும். பாசறைக்குக் குறிவைத்த கணை பள்ளிக்கூடத்தில் வீழ 350 மீட்டர் போதாதா?

குறையோடு ஒரு நிறையும் பிறந்தது. உந்துகணைக்குப் பின்னுதை இல்லை. பீரங்கிக்கு வேண்டும் கனத்த குழலும் தாங்குகட்டும் அதற்கு வேண்டா. மூங்கிற் சட்டமோ மெல்லிய இரும்புக் குழலோ போதும். ஆகவே ஒன்று செல்லும் இடத்தில் நாற்பதைச் செலுத்தலாம். ஒன்று தவறும், நாற்பதும் தவறா. இதுவே உந்துகணைப் போரின் முழு நுட்பம்.

கடல் கடந்து சென்ற கணை

1799-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் இரவு, சீரங்கப்பட்டணத்தருகே ஒரு தோப்பில் புகுந்த ஆர்தர் வெல்லசிலியின் படை, இருளிலும் உந்துகணைத் தாக்குதலிலும் நிலைகுலைந்து பின்வாங்கியது. பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்றவர் இவரே. எனினும் மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு போரிட்டு மாண்டார். கைப்பற்றப்பட்ட கணைகள் இங்கிலாந்து சென்றன. அங்கே வில்லியம் காங்கிரீவ் 1804-ஆம் ஆண்டளவில் ஆய்வு தொடங்கி, இரும்புக்குழல் உந்துகணையைப் பெருக்கிச் செய்தார்.

அவை முதலில் எங்கே வீழ்ந்தன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1806-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை நோக்கி ஏவப்பெற்ற கணைகள் பல ஊருக்குள் வீழ்ந்து வீடுகளை எரித்தன. 1807 செப்தம்பரில் தென்மார்க்கின் தலைநகரான கோபனேகன் மீது ஆங்கிலேயர் வெடிகுண்டுகளோடு உந்துகணைகளையும் பொழிந்தனர். நகரின் பெரும்பகுதி எரிந்தது. மக்கள் பலர் மாண்டனர். குறி தவறும் கணைக்கு ஊரே குறியாக்கப்பெற்றது. 1814-இல் பால்டிமோர்க் கோட்டை மீது பாய்ந்த கணைகளின் ஒளி அமெரிக்கரின் நாட்டுப்பண்ணிலேயே இடம்பெற்றுவிட்டது. பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உட்புரி வெட்டிய பீரங்கிக் குழல்கள் வந்தன. அவை நெடுந்தொலைவில் குறி தவறாது சுட்டன. உந்துகணை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மீண்டெழுந்த உந்துகணை

இரண்டாம் உலகப் போர் அதனை மீண்டும் களத்துக்குக் கொணர்ந்தது. 1941 சூலை 14-ஆம் நாள், ஓர்சா என்னும் ஊரின் தொடர்வண்டி நிலையத்தில் குழுமியிருந்த செருமானியர் மீது உருசியர் முதன்முறையாகத் தம் கத்தியூசாக் கணைகளைச் சொரிந்தனர். சரக்குந்து ஒன்றன் மேல் பொருத்திய தண்டவாளங்களிலிருந்து 16 கணைகள் சில நொடிகளில் கிளம்பும். எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் செல்லும்.

அதன் வழிவந்தது 1963-இல் சோவியத்துப் படையில் சேர்க்கப்பெற்ற கிராது. உருசிய மொழியில் அப்பெயர்க்கு ஆலங்கட்டி மழை என்பது பொருள். ஓர் ஊர்தியில் 40 குழல். 20 நொடியில் 40 கணை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. இந்தியா செய்த பினாகா 12 கணைகளை 44 நொடியில் ஏவும். அதன் முதல் வகை 38 கிலோமீட்டரளவும் எட்டும். 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரில் அது களம் கண்டது.

துல்லியமான பீரங்கிகளும் வானூர்திகளும் இருக்க, இக்கண்ணில்லாக் கணையை இக்காலப் படைகள் ஏன் விடாது வைத்திருக்கின்றன? கரணியங்கள் பல உள. தாக்குதல் தொடங்கிய முதற்சில நொடிகளில்தான் பகைப்படைஞர் வெட்டவெளியில் நிற்பர். அடுத்த நொடியே குழிகளில் பதுங்கிவிடுவர். அந்தச் சில நொடிக்குள் ஒரு பீரங்கி இரண்டு மூன்று குண்டுகளே எறியும். பல்குழல் ஊர்தியோ நாற்பதையும் சொரிந்துவிடும். சொரிந்த உடனே அவ்விடத்தை விட்டு ஓடிவிடவும் அதற்கு இயலும். பறக்கும் கணையின் வழியை இராடார் கருவியால் அளந்து, அது புறப்பட்ட இடத்தைப் பகைவர் கண்டறிந்து திருப்பிச் சுடுமுன் ஊர்தி அங்கே இராது. செலவும் குறைவு. பரந்த வெளியில் திரண்ட படை, பீரங்கி வரிசை, வானூர்தித் தளம் ஆகியவற்றின் மேல் ஏவுதற்கு இதனினும் கொடிய எளிய படைக்கலம் அரிது. குறையும் இல்லாமலில்லை. புகையும் தீயும் நெடுந்தொலைவுக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஒருமுறை சொரிந்தபின் குழல்களை நிரப்பிக்கொள்ள நேரம் பிடிக்கும்.

இன்று அக்கணைக்குக் கண் வைக்கும் வேலையும் நடக்கிறது. 2022-இல் உக்ரைன் போரில், செயற்கைக்கோளின் துணையால் வழி திருத்தும் கணைகள் பாலங்களையும் படைக்கலக் கிடங்குகளையும் தேடிச் சென்று தாக்கின. பினாகாவிலும் வழிதிருத்தும் வகை செய்யப்பெற்றுள்ளது. ஆயினும் அதே உக்ரைன் களத்தில் இரு தரப்பாரும் பழைய கிராதுக் கணைகளையும் ஆயிரக்கணக்கில் சொரிந்தனர். கண்ணுள்ள கணை விலைமிக்கது, கண்ணில்லாதது மலிவானது. ஆகவே இது விரைவில் ஒழிந்துவிடும் என்று எண்ணுதற்கில்லை.

முறைமன்றம் சொன்ன தீர்ப்பு

பெரியோரே! வெட்டவெளிக்கென அமைந்த இக்கணையை மக்கள் வாழும் ஊரின்மேல் ஏவினால் அதற்குப் பெயர் என்ன? அதனைப் போர் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

1995 மே 2, 3 ஆகிய நாள்களில் குரோவாசியாவின் தலைநகர் சாக்ரெப்பின் மீது உந்துகணைகள் வீழ்ந்தன. ஏழு பேர் மாண்டனர். இருநூற்றுவர்க்கு மேல் காயமுற்றனர். ஏவ ஆணையிட்ட செர்பியத் தலைவர் மிலான் மார்த்திச் பன்னாட்டுக் குற்ற முறைமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். நகரில் படைத்தொடர்புடைய இடங்கள் இருந்தன என்று அவர் சார்பில் வழக்காடினர். முறைமன்றம் ஏற்கவில்லை. அத்தொலைவிலிருந்து ஏவிய அக்கணையால் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தாக்கவே இயலாது; அது தெரிந்தே மக்கள் நெருங்கிய நகரின் மேல் ஏவியது குற்றம் என்று 2007 சூன் 12-இல் தீர்ப்பளித்தது; 35 ஆண்டு சிறை விதித்தது. கணை தவறியது என்பது ஏவியவனைக் காக்கும் விடையன்று; தவறும் என்று அறிந்தும் ஏவியதே குற்றம் என்பது இத்தீர்ப்பால் நிலைபெற்றது.

இத்தீர்ப்பு வந்து இரண்டாண்டு நிறையுமுன் வன்னி எரிந்தது. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்து, மக்களைத் திரளச் செய்த இடங்களின் மேல் பெருமளவில் குண்டு வீசியது என்று ஒன்றிய நாடுகள் (ஐ.நா.) அமர்த்திய வல்லுநர் குழு 2011-இல் அறிக்கை தந்தது. சனவரி 29 முதல் பிப்பிரவரி 4 வரையிலான அந்த ஒரு கிழமையில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை பல்குழல் உந்துகணைகளாலும் பிற எறிகணைகளாலும் ஒவ்வொரு நாளும் தாக்கப்பட்டது; ஒன்பது முறையேனும் நேரே அடிபட்டது என்று அக்குழு எழுதியுள்ளது. அம்மருத்துவமனை இருந்த இடம் அரசுக்கு நன்கு தெரிந்ததே. அப்போரின் இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருத்தல் கூடும் என்பதும் அக்குழு கண்ட முடிவு.

அதே அறிக்கை, விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்ததையும், தப்பியோடியோரைச் சுட்டதையும், மக்கள் நடுவிலிருந்து படைக்கலங்களை இயக்கியதையும் எடுத்துரைக்கிறது. முதற்பகுதியை உரக்கப் படித்து, இரண்டாம் பகுதியை விழுங்கிவிடுவோர் தமிழர்க்கு நன்மை செய்வோர் அல்லர். அறம் ஒருபக்கம் மட்டும் வெட்டும் வாள் அன்று. இரண்டையும் சொல்லும் நா உடையவனே மாண்டோர்க்காக முறையிடும் தகுதி உடையவன். அவன் முறையீட்டுக்கே உலகம் செவி சாய்க்கும்.

கணைக்கு முன் சொல்

இந்த அறம் தமிழர்க்கு மேலைநாட்டார் கற்பித்ததன்று. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடுகிறார். அம்பு விடுமுன், ஆவும், பார்ப்பாரும், பெண்டிரும், பிணியுற்றோரும், மகப்பேறு இல்லாதோரும் காவலான இடத்துக்குச் செல்லுமாறு அறிவிக்கும் மன்னன் அவன் என்பது அப்பாட்டின் கருத்து. அந்நாளைப் போர்கள் எல்லாம் அவ்வாறே நடந்தன என்று வாதிட வேண்டா. ஆனால் அவ்வாறு நடத்தலே மன்னனுக்குப் புகழ் என்று எண்ணியது தமிழ்நெஞ்சம். அதில் பிணியுற்றோர் பெயரும் உண்டு. புதுக்குடியிருப்பு மருத்துவமனையில் கிடந்தோர் அவர்களே அல்லரோ?

ஆகவே தமிழர்க்கு இரண்டு கடமைகள் உள. முதற்கடமை அறிவுக் கடமை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், அமெரிக்காவின் வாலோப்சு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குச் சென்றபோது, அங்கே சுவரில் திப்புவின் உந்துகணைப் போர் ஓவியமாகத் தொங்கக் கண்டு வியந்ததைத் தம் வாழ்க்கை நூலில் பதிவு செய்துள்ளார். தன் மண்ணின் வரலாற்றை அயலார் சுவரில் காண நேர்ந்த நிலை இனி எந்தத் தமிழ் மாணவனுக்கும் வரலாகாது. புள்ளலூரில் 1781-ஆம் ஆண்டுப் போரில் வீழ்ந்த ஆங்கிலப் படைத்தலைவர்களுக்கு எழுப்பிய நினைவுத்தூண்கள் நிற்கின்றன. மாணாக்கரை அங்கே அழைத்துச் சென்று, உந்துவிசையையும், அழுத்தத்தையும், பாகைக் கணக்கையும் தமிழிலேயே கற்பிக்கலாம். அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் உள்ளன என்பதை இவ்வுரையே காட்டும்.

இரண்டாம் கடமை அறக்கடமை. எந்த நாட்டில் எவர் ஏவினும், மக்கள் வாழும் ஊரின்மேல் கண்ணில்லாக் கணையைச் சொரிவது குற்றம் என்று தமிழன் சொல்ல வேண்டும். வன்னிக்குச் சொன்னதை உக்ரைனுக்கும் சொல்ல வேண்டும். பகைவனுக்குச் சொன்னதைத் தன்னவனுக்கும் சொல்ல வேண்டும்.

கணைக்குக் கண் இல்லை; அது கணையின் குற்றமன்று. ஏவுவோனுக்குக் கண் உண்டு. ஏவச் சொல்வோனுக்கும் உண்டு. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டால், பார்த்துச் சொல்லும் பொறுப்பு எஞ்சியிருப்போரைச் சேர்ந்தது.

வாழ்க தமிழ்! வெல்க அறம்!